அர்ஃபான் வைத்த பட்டப்பேர்

மச்சான்,

நான் டியூட்டிக்குக் கிளம்பறேன். மீன் ஆணம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. அர்ஃபான் ரூம்ல இருக்கான். கத்தாதீங்க.

கூடப் படிக்கிற மேக்ஸ்வெல் கறுப்பா இருக்கான்னு ‘லாரி’ன்னு பட்டப்பேர் வச்சது நம்ம பிள்ளைதான். இப்ப கிளாஸே அப்படிக் கூப்பிடுதாம். “ஸ்கூல் எதுக்கு இருக்கு, அவங்களே திருத்தட்டும்லா”ன்னு காலையில போனை வச்சுட்டீங்க. அதான் நானே போனேன். டீச்சர் நாளைக்கு ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசப்போறாங்க. கிளாஸ்லயும் பேசுவாங்க. ஸ்கூல் அதோட வேலையைச் செய்யுது.

மிச்சம் நம்ம வேலை. கட்டட வேலையாட்களைப் பின்னாடி ஏத்திக்கிட்டு லாரி போறப்பல்லாம் கார்ல அவன்கிட்ட என்ன சொல்வீங்க? “படிக்கலைன்னா நீயும் இப்படித்தான் லாரியில போகணும்.” ஏன் அந்தப் பேருன்னு டீச்சர் கேட்டப்ப அர்ஃபான் அதையேதான் சொன்னான், லாரியில போறவங்களும் இவனை மாதிரி கறுப்புதானேன்னு. நான் தலைகுனியல மச்சான். “வீட்டுல அவங்க அத்தா பேசுவாரு”ன்னு தைரியமா சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க பேசுவீங்க, எனக்குத் தெரியும்.

சாப்பிடறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. என்கிட்ட கேட்டதை உங்ககிட்டயும் கேப்பான்: “அத்தா சொன்னா புத்திமதி, நான் சொன்னா மட்டும் தப்பா?”

ஃபஸீலா

பி.கு: அப்பளம் பொரிச்சு டப்பாவுல வச்சிருக்கேன். பதிலை மட்டும் நீங்களே தயார் பண்ணிக்குங்க.