வெளிப்பக்கம் சரிந்த வளைவு

13 மார்ச் 1925, வெள்ளி.

காலையில் முதல் வேலையாக தோடம்பழம் ஒன்றை, நல்ல உருண்டையான ஆரஞ்சாகப் பார்த்து, எடுத்துக்கொண்டு, துரைமார் நாளை மோட்டார்ப் பந்தயம் ஓட்டப்போகும் வட்டத்துக்குப் போனேன். முன்பு குதிரை ஓடிய திடல்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மண் போட்டு அகலமாக்கியிருக்கிறார்கள். மேல் வளைவின் நடுவில் பழத்தை வைத்தேன். அது வெளிப்பக்கமாக உருண்டு, என் பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து நிற்பதற்காகக் கட்டிய கயிற்றடியில் போய் நின்றது.

வேலையை நடத்திய கங்காணி சிரித்தார். "மழத்தண்ணி நிக்காம ஓடணும்ல, டீச்சரம்மா. ரோட்டு வேல எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நாளைக்கு ஓடப்போறது தண்ணி இல்லையே, கங்காணி."

"பழமும் இல்லீங்களே!"

வளைந்து ஓடும் எதுவும் வெளியே போகத்தான் பார்க்கும், அதனால் வெளியோரம் உயர்ந்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அப்புத்தளை ரயில் பாதையிலும் அப்படித்தான். மாலையில் ஒத்திகை ஓடிய கார்களின் சக்கரத் தடங்களைப் பார்த்தேன். எல்லாம் அந்தக் கயிற்றை நோக்கியே வழுக்கியிருந்தன. எங்கள் தோட்டத்துத் துரையிடம் சொன்னேன். அங்கே நின்றால்தான் பிள்ளைகள் பந்தயத்தன்று எடுக்கும் புகைப்படத்தில் அழகாக விழுவார்கள் என்றார்.

நாளை அவர்களை வட்டத்துக்கு உள்ளே உட்கார வைக்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கொடியை அங்கிருந்தும் ஆட்டலாம்.