அவள் ஊர்க் காசில்

நவம்பர் 4

என் பின்னல் கடையின் இணையப் பக்கத்தில் கொழுந்தன் ஒரு புது வசதியைச் சேர்த்துவிட்டான். இனிமேல் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்களோ அந்த நாட்டுக் காசிலேயே விலை தெரியுமாம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, “எந்த நாட்டைப் போட்டுப் பாக்கலாம், அண்ணி?” என்றான். யோசிக்காமலேயே தங்கை இருக்கும் நாட்டைச் சொன்னேன். 2,800 என்று இருந்த என் கம்பளிச் சால்வை 31 ஆகிவிட்டது.

வெறும் முப்பத்தொன்று! பதினோரு நாள் கழுத்து வலிக்கப் பின்னியது. அவள் அதை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே கொடுப்பாள், மீதிச் சில்லறையைக்கூட எண்ண மாட்டாள். என் கணவர் எட்டிப் பார்த்து, “பரவால்லயே, துவைக்காமலே சுருங்கிடுச்சே” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 5

இன்றைக்கும் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.

நவம்பர் 9

தங்கை வீடியோவில் வந்தாள். நீலக் கோட்டு, பெரிய பித்தான்கள். அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு அரைமணி நேரம் கொஞ்சினாள். நான் பின்னால் நின்று தலையை ஆட்டினேன்.

பேசி முடித்ததும் அதே மாதிரிக் கோட்டை அந்த ஊர்க் கடையொன்றில் தேடிப் பிடித்து, நம் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். இருபத்தைந்தாயிரம். என்னுடைய ஒன்பது சால்வையை ஒரேயடியாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள்!

அம்மாவுக்கோ வேறு வேலையே இல்லை. சின்னவள் சம்பளத்தை நம் காசில் பெருக்கி, தண்ணீர் கேன் போட வந்தவரிடம்கூடச் சொல்கிறாள். “சின்னவ கை நெறைய சம்பாதிக்கிறா.” அப்போ நான்? கண் டாக்டரிடம் கூட்டிப் போவது நான். சொட்டு மருந்து விடுவது நான். அதையெல்லாம் எந்தக் காசுல மாத்தறது?

வயிற்றெரிச்சல்தான். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவேன்.

நவம்பர் 10

போன வருஷம் அவள் சொன்னது இன்று ஞாபகம் வந்து தொலைத்தது. “அக்கா, ரொம்பக் கம்மியா வெக்கிற. விலைய ஏத்து.” காசு இருக்கிறவள், பேசுகிறாள். என்னிடமே படம் காட்டுகிறாள் என்று அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 14

செய்துவிட்டேன். ஒரு நாட்டுக்கு மட்டும் தனியாக விலை போட முடியுமா என்று கொழுந்தனைக் கேட்டேன். “போடலாம் அண்ணி. ஏன் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும்?” தபால் செலவு அதிகம் என்று வாய்கூசாமல் சொன்னேன். இப்போது 62. அவள் பார்க்கட்டும். பார்த்து ஒரு நிமிஷமாவது யோசிக்கட்டும்.

மத்தியானம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 27

என்ன கூத்து இது! இரண்டு வருஷத்தில் அந்த நாட்டிலிருந்து ஒரே ஒரு ஆர்டர்தான் வந்திருந்தது. இந்த வாரம் மட்டும் மூன்று. அதுவும் அறுபத்திரண்டுக்கு. மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள்.

“பழைய விலையப் பாத்து, கைப்பின்னல் இல்ல, மெஷின்ல போட்டதுன்னு நெனச்சிருப்பாங்க அண்ணி” என்றான் கொழுந்தன்.

அப்படியென்றால் அவள் சொன்னது சரி. பழிவாங்குவதாக நினைத்து அவள் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன். பணம் வந்தும் ஆத்திரமாக இருக்கிறது – உருப்படுவேனா நான்?

டிசம்பர் 2

தங்கை கூப்பிட்டாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, விலைய ஏத்திட்ட போல! இப்பவாவது செஞ்சியே” என்று சிரித்தாள். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “நீ ஒண்ணும் வாங்கக் காணோமே” என்றேன்.

“நானா? இங்க எதைப் பாத்தாலும் நம்ம காசுல மாத்திப் பாப்பேன், பாத்துட்டு வெச்சிடுவேன். வெளியில ஒரு காபி குடிச்சதில்லக்கா. வாடகைக்கும் அம்மாவுக்கு அனுப்பறதுக்குமே சரியாப் போகுது.”

“அந்தக் கோட்டு?”

“அதுவா? ரூம்ல கூட இருந்தவ ஊருக்குப் போறப்பக் குடுத்தது. ஆள் நல்ல உசரம். கைய ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருக்கேன், நீ கவனிக்கலையா?”

கவனிக்கவில்லை. பித்தானைத்தான் பார்த்தேன்.

அப்புறம் சொன்னாள்: “உன் கடையையும் நம்ம காசுல மாத்தித்தான் பாக்கறேன். அதுல மட்டும் பழைய விலையே நிக்குது. உன் கொழுந்தன் மாத்த மறந்துட்டார் போல. பாவம், திட்டாத, மெதுவாச் சொல்லு.”

சொல்றேன் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் மறக்கலடி, நான்தான், உனக்குன்னே போட்ட விலைன்னு சொல்றதா? அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. என் மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வராது, சின்ன வயசிலிருந்தே.

டிசம்பர் 3

கை அளவு கேட்டு அனுப்பினேன். எதுக்கு என்றாள். சும்மா என்றேன்.

டிசம்பர் 11

நீலக் கம்பளி நூல் கிடைக்கவில்லை. அரக்கு வாங்கினேன். பின்னும்போதும் பொறாமை எட்டிப் பார்க்கிறது. அங்கே பனி விழுமாம், இவள் ஜன்னலோரம் நின்று பார்ப்பாளாம். பார்க்கட்டும், போ.

டிசம்பர் 20

நம் காசிலும் விலையை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். கொழுந்தன் பதறிவிட்டான். “அண்ணி, இங்க யார் வாங்குவாங்க?”

“தங்கச்சி சொன்னா. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.” இதை நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் ஸ்வெட்டரின் இரண்டாவது கையும் முடிந்தது. நான் கண்ணுக்கு மருந்து விட்டு முடித்ததும் அம்மா அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள். “இது அவ ஊர்க் காசுல எவ்வளவு?”

“இது கடையில இல்லம்மா. அவளுக்கு.”

அம்மா ஸ்வெட்டர் கையை எடுத்துத் தன் கையோடு வைத்து அளந்தாள். மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

“அவளுக்கு இவ்ளோ சின்னக் கையா?”

ஆமாம்மா என்றேன்.