வார்டில் ஒரு ஆய்வுக்காரி

ஜூன் 10, செவ்வாய்

இன்றிலிருந்து வார்டில் ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். அனுப்ரியா. சமூகவியலில் பிஎச்.டி. பண்ணுகிறாளாம். டாக்டர் வேலை எங்கே முடிகிறது, நர்ஸ் வேலை எங்கே ஆரம்பிக்கிறது – இதுதான் ஆராய்ச்சி. நானும் இத்தனை வருஷமாக நர்ஸ்தான், எனக்கே தெரியாது!

மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். நானும் தமிழ்தான், மலைப்பக்கத்து ஹனூர்க்காரி என்றதும் ஒட்டிக்கொண்டாள். "யார் என்ன பேசினாலும், அவங்க ஒப்புக்காம வெளிய சொல்லமாட்டேன் அக்கா. அது எங்க ரூல்."

ரூலாம். எத்தனை ரூல் பார்த்தாச்சு.

ஜூன் 12, வியாழன்

மேனேஜ்மென்ட் அனுப்பிய ஆள்தான். ஆள்குறைப்பு என்று பேச்சு அடிபடும் நேரத்தில் இவள் எதற்கு? கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஜீவிதாவிடம் சொன்னால் சிரிக்கிறாள். "உங்களுக்கு எல்லாருமே வேவு பாக்கறவங்கதான் பாக்கியக்கா." சிரிப்பாள், அவளுக்கென்ன. என் வீட்டில் அவருக்கு ஃபேக்டரி வேலை போனதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

ஜூன் 18, புதன்

டாக்டர் பசவராஜ் போனில் சொல்வார், நாங்கள் மருந்து கொடுப்போம், ரவுண்ட்ஸ் வரும்போது எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஊரெல்லாம் நடப்பதுதான். அவள் கேட்கிறாள்: "அவர் அப்புறம் சைன் போடலன்னா, முடிவு எடுத்தது யாருன்னு ஆகும்?"

பார்த்தாயா, எங்கே கை வைக்கிறாள்!

"உனக்கு வேற வேலையே இல்லியா?"

"இதுதான் அக்கா என் வேலை."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஜூன் 24, செவ்வாய்

மாதேஸ்வரன் மலையில் கடை வைத்திருக்கும் லிங்கப்பன், ஆபரேஷன் ஆனவர், மத்தியானம் வலியில் துடித்தார். டாக்டருக்குப் போன் பண்ணினேன். ஊசியின் பேரும் அளவும் சொன்னார். வழக்கப்படி அப்படியே திருப்பிச் சொன்னேன். "ஹௌது", ஆமாம் என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிரஷர் சரசரவென்று இறங்கிவிட்டது. ஓடி ஓடி, சலைன் ஏற்றி, எப்படியோ மீட்டோம். எங்கள் மலைச்சாமி மாதப்பா காப்பாற்றினான்.

மகன் வந்து சண்டை. டாக்டர் சொல்கிறார், "பார்த்துக்கொண்டிருங்கள், வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஊசி போடச் சொல்லவே இல்லை."

என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாவி!

ஜூன் 25, புதன்

வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போய்விட்டால்?

ஜீவிதா அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் அனுப்ரியா மட்டும்தான். இவள் எதையும் வெளியே சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். இப்போது இவள் சொன்னால்தான் உண்டு.

ஜூன் 26, வியாழன்

வெட்கத்தை விட்டுப் போன் பண்ணினேன். "நீ கேட்டியல்ல கண்ணு? வந்து சொல்லு."

அழுகிறாள். "டாக்டருக்கும் அதே வாக்கு குடுத்திருக்கேன் அக்கா. அவர் பேசினதைச் சொல்லமுடியாது."

"நல்லாருக்குடி உன் ரூலு! என் பொழப்பு போகுது, நீ வாக்கைக் காப்பாத்திக்கோ!" வைத்துவிட்டேன். அவர் பக்கம் சேர்ந்துவிட்டாளோ? அப்படியானால் எதற்கு அழவேண்டும்?

சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. அவர் பேச்சு வேண்டாம். நான் திருப்பிச் சொன்னது என் பேச்சுதானே? என் பேச்சை வெளியே சொல்ல நான் ஒப்புக்கொண்டால்?

மறுபடி போன். "ஆகுத்தே அக்கா, ஆகும்!" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

"சிஸ்டர் பேசினதை மட்டும் சொல்றேன்" என்று விசாரணையில் அனுப்ரியா ஆரம்பித்தாள். "ஊசி பேரு, அளவு சொல்லி, 'இப்பவே போடணும், சரிதானே சார்?'னு கேட்டாங்க. அப்புறம் 'சரி சார், போட்டுடறேன்'னு வெச்சாங்க. டாக்டர் என்ன சொன்னார்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன்."

யாரும் கேட்கவில்லை. டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது.

ஜூலை 15, செவ்வாய்

அனுப்ரியா ஆய்வை முடித்துக்கொண்டு போன வாரமே கிளம்பிவிட்டாள். மத்தியானம் டாக்டர் போன் பண்ணினார். ஒரு பேஷண்டுக்கு மருந்து மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தி, "அந்தப் பொண்ணு இருக்காளா அங்க?" என்றார்.

"இருக்கா சார்."

ஐந்து நிமிஷத்தில் மாடியேறி வந்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். "எங்க அவ?"

"டீ குடிக்கப் போயிருக்கா சார். இப்ப வந்துடுவா."