நிழலில் அளந்த அறுபத்து மூன்று சோலார் பேனல்கள்

அனுப்புநர்:
பேனல் பரிசோதகர் (ஒப்பந்தப் பணி),
பழைய பொருள் கிடங்கு, மின் துறை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் துறை.

பொருள்: நல்ல நிலையிலுள்ள 63 சோலார் பேனல்களை நொறுக்கும் உத்தரவை நிறுத்தி, வெயிலில் மறுபடி அளக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெரிய மருத்துவமனையின் மாடியிலிருந்து கழற்றிய 86 பேனல்கள் சென்ற மாதம் எங்கள் கிடங்குக்கு வந்தன. அவை மறுபடி பயன்படுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, உச்சி வெயிலில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் விரிசல், பின்புறத்தில் கருகல், மின்கசிவு எல்லாம் பார்த்தேன். 23 தேறாதவை, அவற்றை நொறுக்கும்படி நானேதான் எழுதிக் கொடுத்தேன். மீதி 63 பேனல்கள் பன்னிரண்டு வருடம் உழைத்த பிறகும் எட்டு ஆம்பியருக்குக் குறையாமல் தருகின்றன; புதியதே ஒன்பதுதான் தரும்.

2. சரிபார்க்க வந்த உதவிப் பொறியாளர் அந்த 63 பேனல்களையும் கிடங்கின் தகரக் கூரைக்கு அடியிலேயே அளந்தார். வெளியே தூக்கிவர நான் தயாராக நின்றேன். "வெயில் மண்டையப் பொளக்குதும்மா, உள்ளேயே பாத்துடலாம்" என்றார். சோலார் பேனலை நிழலில் அளப்பது, அடுப்பைப் பற்றவைக்காமலே உலை கொதிக்கவில்லை என்று குறை சொல்வது போல. எல்லாவற்றுக்கும் எதிரே 'பூஜ்யம்' என்று எழுதினார். சுட்டிக்காட்டியபோது, "எழுதுனது எழுதுனதுதான். உனக்கு ஏம்மா இவ்ளோ அக்கறை?" என்றார்.

3. அக்கறைக்குக் காரணம் உண்டு. இவற்றில் எட்டைக் கேட்டு எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையம் விண்ணப்பித்திருக்கிறது. அங்கே செவிலியாக இருப்பவர் என் அக்கா. மின்சாரம் போகும் நாட்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் தேடி அலைகிறார். போன வாரம் ஐஸ் கிடைக்கவில்லை. கைக்குழந்தைகளோடு காத்திருந்த பதினோரு தாய்மாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அக்காவுக்காக அளவைக் கூட்டி எழுதினேன் என்று யாராவது சொன்னால், மீட்டருக்கு அக்கா கிடையாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. வெள்ளிக்கிழமை நொறுக்கும் ஆலையிலிருந்து லாரி வருகிறதாம். கிடங்கைப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. வேலையை விட்டு எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எடுக்கட்டும், சாவியைத் தரமாட்டேன்.

5. ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் தாங்களே ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, தங்கள் கையாலேயே அளந்து பார்க்க வேண்டும். தங்களுக்குக் குடை கொண்டுவரலாம். பேனலுக்குப் பிடிக்கக் கூடாது.

6. ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 17-ஆம் எண் பேனலை அனுமதியின்றி வெளியே எடுத்து, தட்டச்சுக் கடையின் மாடியில் மாட்டியிருக்கிறேன். காலையிலிருந்து இந்தத் தெருவில் மின்சாரம் இல்லை. தங்கள் கையிலிருக்கும் இந்த மனுவை அடித்த கணினி அந்தப் பேனலில்தான் ஓடியது. உதவிப் பொறியாளரின் அறிக்கையில் அதன் அளவு: பூஜ்யம்.

நாள்: புதன்கிழமை, பகல் 12.40
இடம்: தட்டச்சுக் கடை, கிடங்குத் தெரு

வெயிலில் அளந்தவள்,
(ஒப்பம்)
பேனல் பரிசோதகர்