போனை அவள் பக்கம் திருப்பச் சொல்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், உன் மகள் எங்களைவிட சௌக்கியம், உன் மனைவிக்கு உடம்பு தேறி வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் கடைசிவரை படி. போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். மருமகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதுங்க மாமா, ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க என்றாள்.

மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன் என்று ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான். அந்தக் காதின் லட்சணத்தைக் கேள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த சம்பந்தியம்மா லீவு முடிந்து வேலைக்குத் திரும்பின பிறகு மருமகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் ம் என்பாள், தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள், குழந்தை தூங்கினாலும் இவள் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். நானோ பக்கத்துக் கடை டெய்லரிடம், எங்க வீட்ல மாமியார் மருமக சத்தமே கேக்காது தெரியுமா என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். கொடுத்து வச்ச ஆளுய்யா நீர் என்றார் அவர். இரண்டு மேதாவிகள்.

போன மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனோம். ஊசியைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்பதால் நான் கதவோரம் சுவரைப் பார்த்து நின்றேன். நர்சம்மா ஊசியைப் போட்டுவிட்டு, சரி, நீ எப்படிம்மா இருக்க, தூங்குறியா என்று மருமகளைக் கேட்டார். அவ்வளவுதான், இவள் அழுத அழுகையில் குழந்தை தன் அழுகையை மறந்துவிட்டது. நர்சம்மா உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை பெற்றவர்கள் பலருக்கு வருகிற மனச்சோர்வுதான் இது, யார் குற்றமும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார், வாராவாரம் வந்து மனம்விட்டுப் பேசச் சொன்னார், முக்கியமாகத் தூங்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் பேசுவாரா என்று கேட்டதற்கு நான்தான் முந்திரிக்கொட்டையாய், தினமும் போன் பண்ணுவான் டாக்டர், தவறவே மாட்டான் என்றேன்.  பஸ்ஸுக்கு நிற்கும்போது மருமகள் உன் அம்மாவிடம் சொன்னாளாம், பேசுறாரு அத்தை, குழந்தையைக் காட்டுன்னு சொல்வாரு, காட்டுவேன், நான் இப்போ வெறும் போன் ஸ்டாண்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம், உன் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நீ கூப்பிட்டபோது நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உன் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை, ஆசையாகத்தான் கூப்பிடுகிறாய். காலைக் காட்டு என்றாய், காதைக் காட்டு என்றாய், கொட்டாவி விட்டதற்குக் கைதட்டினாய், டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தவள் முகம் ஒரு தடவைகூட அதில் வரவில்லை. என் வழுக்கைத் தலைகூட நடுவில் வந்து போனது.

இப்போது நிலைமை நல்லபடியாக இருக்கிறது. காலையில் பால் குடித்ததும் குழந்தையை நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், கடை என்ன, வீட்டின் முன்னறைதானே. ரிப்பேருக்கு வந்த டேபிள் ஃபேனை அவள் பக்கம் காற்று படாமல் ஓடவிட்டால் அந்த இரைச்சலில் முதலாளியம்மா அப்படித் தூங்குகிறாள். உன் மனைவியும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். துணி மாற்றக்கூடக் கற்றுக்கொண்டேன், முதல் தடவை பின்பக்கத்தை முன்பக்கம் கட்டி என் சட்டைதான் நனைந்தது. நேற்று மருமகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸ், சோப்பு போட்டுக் கழுவாம குழந்தையைத் தொட்டீங்கன்னா பாருங்க மாமா என்று ஒரு சத்தம் போட்டாள். டெய்லர் எட்டிப் பார்த்து, என்னய்யா உள்ள சண்டையா என்றார். ஆமாய்யா, எங்க வீட்டுச் சண்டை என்றேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஆனால் நாங்கள் என்ன செய்தாலும் அவள் தேடுகிற ஆள் நீதான். குழந்தையின் பிறந்தநாளுக்கென்று சேர்த்து வைத்திருக்கிற லீவை இப்போதே கேட்டு வாங்கி வா, கேக் வெட்டுகிற கத்தியை நான் பிடித்துக்கொள்கிறேன். அதுவரை டாக்டரம்மா என்ன சொன்னார், மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அவளிடமே கேள். அழுதால் அழாதே என்று சொல்லாதே, நான் சொல்லிப் பார்த்தேன், இன்னும் கூடியது. பதில் தெரியாவிட்டால் சும்மா போனில் இரு, போதும்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் ஒரே வீட்டில் சிரித்துப் பேசி நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, நாளைக்குக் கூப்பிட்டதும் போனை அவள் பக்கம் திருப்பச் சொல். தலை சீவவில்லை என்பாள், பரவாயில்லை என்று சொல். குழந்தை எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டாள், அவளுக்கு இன்னும் குப்புறவே விழத் தெரியாது.

இப்படிக்கு,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதும்
உன் அப்பா