காம்பு கிள்ளிய மூட்டை

ஏப்ரல் 12, திருச்சுழி. நேற்று நம் வீட்டிலிருந்து ஆறு மூட்டை மிளகாய் வத்தல் அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்குப் போனது.

விற்க வைத்தது ஐந்துதான். ஆறாவது, வருஷம் முழுக்க வீட்டுச் செலவுக்கென்று நான் வெளுத்துப்போன சோடை வத்தலைப் பொறுக்கி எறிந்து, காம்பு கிள்ளி, மாடியில் காயவைத்தது. "இதையும் ஏத்துலே, நல்லா நெறமா இருக்கு" என்றீர்களாம். லோடு ஏற்றிய ராமசுப்பு சொன்னான். அந்த நிறம் யார் கைபட்டு வந்தது என்று யோசித்தீர்களா? மிளகாய் விளைகிற வீட்டுக்குப் பாக்கெட் தூள் வாங்கிவந்து நீட்டுகிறீர்கள்.

மூட்டையைத் திருப்பிக் கேட்கக் காலை பஸ்ஸில் போகிறேன். நீங்கள் வர வேண்டாம். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

முருகலட்சுமி

உங்கள் பாக்கெட்டை நான் பிரிக்கவில்லை. சோறும் குழம்பும் அடுப்பு மேடையில் இருக்கின்றன. குழம்பில் மிளகாய் போடவில்லை.