வெள்ளத்துக்குப் பழகியவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான். டிவியில் பார்த்த வெள்ளத்தை நினைத்துப் பயப்படாதே, வடிந்துவிட்டது.

மழைக்கு முன்பு அரசாங்க லாரி கட்டட வேலைக்காரர்கள் எங்களை ஏற்றிப்போய், பெரிய வீடுகளைச் சுற்றி மணல் மூட்டை அடுக்க வைத்தது. கருத்தாக அடுக்கினோம். அங்கே நுழைய முடியாத தண்ணீர் எங்கள் குடியிருப்புக்கு வந்தது. இரண்டு நாள் கூரைமேல் இருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாததை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

படகில் ஓர் அதிகாரி வந்தார். இந்த ஊர்ப் பாஷையில் அவர் பேசியதை மேஸ்திரி எங்களுக்குச் சொன்னார்: "மூட்டையெல்லாம் நல்லா நிக்குதாம், பாராட்டுறாருப்பா."

"நம்மள எப்பண்ணே இறக்குவாங்க?" என்றேன்.

"நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வெள்ளம் பழக்கம்தானேங்கிறாரு. வடியட்டுமாம்."

படகில் இடமும் இல்லை. பெரிய வீட்டு நாய்கள் இரண்டு முன்னெச்சரிக்கையாக உட்கார்ந்திருந்தன.

அறையில் மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், நான் மட்டும்தான் இருக்கிறேன். அதனால் ஒன்று செய். ஞாயிறு மதியம் நான் கூப்பிடும்போது போனை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். பேச வேண்டாம். பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

வாசலில் லாரி ஹாரன் அடிக்கிறது. மறுபடி மழையாம், அதே வீடுகளுக்கு மூட்டை அடுக்கவேண்டும். இந்த முறை இடைவெளி விட்டு அடுக்கலாமா என்று யோசிக்கிறேன். கைதான் கேட்காது.

உன் மகன்